எருசலேம் தப்பியது, லாகீஸ் தப்பவில்லை: சனகெரிப் படையெடுப்பைத் தீர்க்கதரிசிகள் வாசித்த விதம்

ஏசாயா 37ஆம் அதிகாரம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற பகுதி. அசீரிய ராஜா சனகெரிப்பின் படை எருசலேமை மிரட்டுகிறது. எசேக்கியா ராஜா அந்த மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்து ஜெபிக்கிறான். அன்று இரவே கர்த்தருடைய தூதன் அடித்ததில் அசீரியரின் பாளயத்தில் 1,85,000 பேர் செத்துக் கிடக்கிறார்கள். ‘உன் கடிதத்தை விரித்து வை, மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று பிரசங்கம் முடியும். கேட்பதற்கு ஆறுதலான செய்திதான், தவறு என்றும் சொல்ல முடியாது.

ஆனால் தீர்க்கதரிசிகள் இந்தப் படையெடுப்பைப் பற்றிப் பேசியது அந்த ஒரு இரவோடு முடியவில்லை. சனகெரிப் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே ஏசாயா பேசத் தொடங்கிவிட்டார். கிராமப்புறத்திலிருந்து மீகா பேசினார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எரேமியாவின் நாட்களிலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. இவற்றை எல்லாம் சேர்த்து வாசிக்கும்போது, சனகெரிப் படையெடுத்து வந்த கி.மு. 701 தருகிற பாடம் கொஞ்சம் கசப்பாகவே இருக்கிறது. எருசலேம் தப்பியது. ஆனால் ஏன் தப்பினோம் என்பதை அந்த நகரத்தார் தவறாகப் புரிந்துகொண்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதற்கு விலை கொடுத்தார்கள்.

அழைத்து வந்த ஆபத்து

அசீரியா யூதாவுக்குள் தானாக வந்துவிடவில்லை. கி.மு. 734 வாக்கில் சிரியா ராஜா ரேத்சீனும் இஸ்ரவேல் ராஜா பெக்காவும் சேர்ந்துகொண்டு யூதாவைத் தாக்கத் திட்டமிட்டார்கள். அப்போது யூதாவை ஆண்டவன் எசேக்கியாவின் தகப்பன் ஆகாஸ். வண்ணார் துறைக்குப் போகிற வழியில், மேல்குளத்து மதகருகே ஏசாயா அவனைச் சந்தித்து, ‘பயப்படாதே, அமர்ந்திரு, இந்த இரண்டு பேரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள்தான்’ என்கிறார். ஆகாஸ் கேட்கவில்லை. ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து, ‘நான் உமக்கு அடியானும் குமாரனுமாயிருக்கிறேன்’ என்று அசீரியாவின் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி வைத்தான்.

அவன் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. அசீரியா வந்தது. 732இல் தமஸ்கு விழுந்தது. இன்னும் பத்து ஆண்டுகளில் இஸ்ரவேலின் தலைநகரம் சமாரியாவும் விழுந்தது. யூதாவைப் பயமுறுத்திய இரண்டு அரசுகளும் ஒழிந்தன. ஒரு ராஜதந்திரியின் கணக்கில் இதைவிட வெற்றி வேறு வேண்டுமா? ஆனால் ஏசாயா 8ஆம் அதிகாரத்தில் இதை வேறு விதமாகப் பார்க்கிறார். மெதுவாய் ஓடுகிற சீலோவாவின் தண்ணீரை இந்த ஜனம் வேண்டாம் என்றது. அதனால் ஐப்பிராத்து நதியே, அதாவது அசீரியாவே, கரைபுரண்டு வரும், யூதாவுக்குள் புகுந்து கழுத்து மட்டும் ஏறும் என்கிறார். கழுத்து மட்டும் என்று அவர் அளவு சொன்னதைக் கவனிக்க வேண்டும். தலை மட்டும் வெளியே தெரியும், உடல் முழுவதும் தண்ணீருக்குள் இருக்கும். முப்பது ஆண்டுகள் கழித்து அச்சு அசலாக அதுதான் நடந்தது.

705இல் சனகெரிப்பின் தகப்பன் சர்கோன் போர்க்களத்தில் செத்தான். உடலைக்கூட மீட்க முடியவில்லை. பேரரசு எங்கும் கலகம் வெடித்தது. பாபிலோனில் மெரோதாக்பலாதான் எழும்பினான். பெனிக்கே கடற்கரையிலும் பெலிஸ்தியாவிலும் கப்பம் நின்றது. எசேக்கியாவும் கப்பம் கட்டுவதை நிறுத்தினான். எக்ரோன் நகரத்தார் தங்கள் ராஜா பாதியை அசீரியாவின் ஆள் என்று சொல்லி விலங்கு பூட்டி எசேக்கியாவிடம் ஒப்படைத்ததாக அசீரியக் கல்வெட்டு சொல்கிறது. ஆக, எசேக்கியா இந்தக் கலகத்தில் ஓரமாக நின்றவன் அல்ல, முன்வரிசையில் இருந்தவன்.

அவன் ஆயத்தமும் சாதாரணமானதல்ல. கீகோன் ஊற்றின் தண்ணீரை மதிலுக்குள் கொண்டுவர 533 மீட்டர் நீளத்துக்குப் பாறையைக் குடைந்து சுரங்கம் வெட்டினான். இரண்டு பக்கத்திலிருந்தும் வெட்டி வந்தவர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்டு நடுவில் சந்தித்த கதை 1880இல் கண்டெடுக்கப்பட்ட சீலோவாம் கல்வெட்டில் இருக்கிறது. எருசலேமின் யூதக் குடியிருப்புப் பகுதியில் 1970களில் நாகமான் அவிகாட் தோண்டியபோது சுமார் 7 மீட்டர் அகலமான மதில் ஒன்று வெளிப்பட்டது. அது ஏற்கெனவே இருந்த வீடுகளை இடித்துத் தள்ளி அவற்றின் மேலேயே கட்டப்பட்டிருந்தது. ‘எருசலேமின் வீடுகளை எண்ணி, மதிலை அரணாக்க அவற்றை இடித்தீர்கள்’ என்று ஏசாயா 22:10 சொல்வதைப் படித்துவிட்டு அந்த மதிலைப் பார்த்தால் வேறு விளக்கம் தேவைப்படாது.

மதில் கட்டியதற்காக ஏசாயா அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வசனத்திலேயே குற்றச்சாட்டு வருகிறது: இரண்டு மதில்களுக்கும் நடுவே குளம் வெட்டினீர்கள், ஆனால் இதைச் செய்தவரை நோக்கவில்லை. பாறையைக் குடைய நேரம் இருந்தது, அவரிடம் கேட்க நேரம் இல்லை. எகிப்து விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 30ஆம் அதிகாரத்தில் தூதர்கள் கழுதைகளின் மேலும் ஒட்டகங்களின் மேலும் பொக்கிஷங்களை ஏற்றிக்கொண்டு, சிங்கமும் விரியனும் திரிகிற வனாந்தரத்தின் வழியாக எகிப்துக்குப் போகிறார்கள். கர்த்தரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்’ என்ற புகழ்பெற்ற வசனம் அந்த இடத்தில்தான் வருகிறது. அதை நாம் சுவரில் மாட்டி வைக்கிறோம், ஆனால் அந்த வசனம் அங்கே முடியவில்லை. ‘ஆனாலும் நீங்கள் மனதாயிராமல்’ என்று தொடர்ந்து, குதிரைகளின் மேல் ஏறி ஓடிப்போவோம் என்று அவர்கள் சொன்ன பதிலையும் சொல்கிறது. அது முதலில் ஆறுதல் வசனம் அல்ல, மறுக்கப்பட்ட ஒரு அழைப்பின் பதிவு.

கோடரியும் ரப்சாக்கேயும்

ஏசாயாவின் செய்தியில் மிகவும் சங்கடமான பகுதி 10ஆம் அதிகாரம். அசீரியா கர்த்தருடைய கோபத்தின் கோல் என்கிறார். நான்தான் அவனை அனுப்புகிறேன் என்று கர்த்தரே சொல்கிறார். அதே மூச்சில் அசீரியாவுக்கு ஐயோ என்றும் சொல்கிறார். அனுப்பியவரே தண்டிப்பது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றும். பதில் 7ஆம் வசனத்தில் இருக்கிறது: அவனோ அப்படி நினைக்கவில்லை. திருத்துவதற்காக அனுப்பப்பட்டவன் துடைத்தழிக்கக் கிளம்பினான். பறவைக்கூட்டிலிருந்து முட்டைகளை அள்ளுவதுபோல நாடுகளை அள்ளினேன், எதிர்த்துச் சிறகை அடிக்கக்கூட யாரும் இல்லை என்று பெருமை பேசினான். அப்புறம்தான் அந்தக் கேள்வி: வெட்டுகிறவனுக்கு முன்னால் கோடரி பெருமை பேசலாமா?

இந்த அதிகாரத்தை மனதில் வைத்துக்கொண்டு 36ஆம் அதிகாரத்துக்கு வந்தால் ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. சனகெரிப்பின் பிரதிநிதி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே வந்து நிற்கிறான். நின்ற இடம் வண்ணார் துறை வழியில் மேல்குளத்து மதகு. ஆகாஸ் அசீரியாவை நம்பத் தீர்மானித்த அதே இடம். வேதாகமம் இதைச் சுட்டிக்காட்டி விளக்கம் எதுவும் சொல்லவில்லை, இடத்தின் பெயரை மட்டும் திரும்ப எழுதிவைக்கிறது.

அங்கே நின்று ரப்சாக்கே கேட்கிறான்: ‘கர்த்தர் இல்லாமல்தானா இந்தத் தேசத்தை அழிக்க வந்தேன்? இந்தத் தேசத்துக்கு விரோதமாகப் போய் அதை அழித்துப்போடு என்று கர்த்தர்தாமே என்னிடம் சொன்னார்.’ இது கிட்டத்தட்ட ஏசாயா சொன்னதுதான்! தீர்க்கதரிசியும் எதிரியும் ஒரே வாக்கியத்தைப் பேசுகிறார்கள். எகிப்து நெரிந்த நாணற்கோல், ஊன்றினால் கையைக் குத்தும் என்று அவன் சொன்னதும் ஏசாயாவின் கருத்தோடு ஒத்துப்போகிறது. எசேக்கியா ஊர்ப்புற வழிபாட்டு மேடைகளை அகற்றிய விஷயம்கூட அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கர்த்தருக்கு எதிரான செயலாகத் திரித்துப் பேசுகிறான்.

அரைகுறை உண்மைகளை வைத்து ஒருவனை நம்பிக்கை இழக்கச் செய்வது எப்படி என்பதற்கு வேதாகமத்தில் இதைவிடத் துல்லியமான உதாரணம் இல்லை என்பேன். அவன் எபிரெயருடைய பேச்சிலேயே பேசினான். எலியாக்கீமும் செப்னாவும் யோவாகும் ‘சீரிய பாஷையில் பேசும், மதில் மேல் இருக்கிற ஜனங்கள் கேட்க வேண்டாம்’ என்று கெஞ்சியதும் இன்னும் சத்தமாகக் கத்தினான். சரணடைந்தால் அவரவர் திராட்சச்செடியின் கனியைச் சாப்பிடலாம், அவரவர் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாம் என்றான். பிறகு, உங்கள் தேசத்தைப் போன்ற இன்னொரு தேசத்துக்கு நான் வந்து அழைத்துப்போகும் வரைக்கும், என்று சேர்த்துக்கொண்டான். நாடுகடத்தலை இவ்வளவு நயமாக விற்றவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். மதில் மேல் இருந்தவர்கள் பதில் பேசவில்லை. பேச வேண்டாம் என்பது ராஜாவின் கட்டளை.

இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? கர்த்தர் அடிக்கிறார் என்று சொல்கிற ஏசாயா, அடிபடுகிறவர்களோடு அதே மதிலுக்குள் இருக்கிறார், திரும்பி வா என்கிறார். ரப்சாக்கே வெளியே நிற்கிறான், கைவிடு என்கிறான். கர்த்தர் தன்னைப் பயன்படுத்துகிறார் என்பதையே, கர்த்தர் தன் பக்கம் இருக்கிறார் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். கோடரியின் பெருமை என்று 10ஆம் அதிகாரம் சொன்னது இதைத்தான். வெற்றி ஒருவனுடைய நேர்மைக்குச் சான்று அல்ல என்பதை அசீரியாவின் கல்வெட்டுகள் ஒருபோதும் ஒத்துக்கொள்ளாது. ஏசாயா அதை ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்.

தப்பாத ஊர்கள்

எருசலேமின் கதையைச் சொல்கிறவர்கள் லாகீசை மறந்துவிடுகிறார்கள். யூதாவின் முக்கியமான கோட்டைநகரம் அது, எருசலேமுக்குத் தென்மேற்கே. சனகெரிப் தன் நினிவே அரண்மனையில் ஒரு அறையின் சுவர்கள் முழுவதும் லாகீஸ் விழுந்த காட்சியைப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கி வைத்தான். இப்போது அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மண்மேட்டின் மேல் ஏறுகிற முட்டுப்பொறிகள், மதிலிலிருந்து வீசப்படுகிற தீப்பந்தங்கள், கழுவேற்றப்பட்ட மனிதர்கள், மாட்டுவண்டியில் மூட்டைமுடிச்சோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாடு கடத்தப்படுகிற குடும்பங்கள். சிங்காசனத்தில் அமர்ந்து ராஜா இதையெல்லாம் பார்வையிடுகிறான். லாகீசில் தோண்டியபோது அந்த முற்றுகை மண்மேடும் கிடைத்தது, உள்ளே இருந்தவர்கள் அதற்கு எதிராக அவசரமாக எழுப்பிய மேடும் கிடைத்தது. கடைசி வரை போராடியிருக்கிறார்கள். அந்த ஊருக்குத் தூதன் யாரும் வரவில்லை.

மீகா அந்தப் பக்கத்து ஆள். அவருடைய மொரேசா லாகீசுக்கு வெகு அருகில் இருந்தது. தன் நூலின் முதல் அதிகாரத்திலேயே சுற்றுவட்டார ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்பாரி வைக்கிறார். ஏசாயா அரண்மனைக்குப் போக்குவரத்து உள்ளவர், தலைநகரத்திலிருந்து பார்க்கிறார். மீகாவுக்கோ அழிவது தன் சொந்த ஊர். அதனாலோ என்னவோ, எருசலேமைப் பற்றி அவர் பேச்சில் தயவுதாட்சண்யம் இல்லை. 3ஆம் அதிகாரத்தில் தலைவர்கள் பரிதானத்துக்கு நியாயம் தீர்க்கிறார்கள், ஆசாரியர்கள் கூலிக்குப் போதிக்கிறார்கள், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறி சொல்கிறார்கள். இப்படியெல்லாம் செய்துவிட்டு, ‘கர்த்தர் எங்கள் நடுவில் இல்லையோ? தீங்கு எங்கள் மேல் வராது’ என்கிறார்கள். ஆகையால் சீயோன் வயல்போல் உழப்படும், எருசலேம் மண்மேடாகும் என்று தீர்ப்புச் சொல்கிறார்.

சனகெரிப்பின் வரலாற்றுப் பட்டயம் 46 அரணான நகரங்களைப் பிடித்ததாகவும், 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்ததாகவும் சொல்கிறது. எண்ணிக்கையில் மிகைப்படுத்தல் இருக்கலாம், அசீரிய ராஜாக்களின் வழக்கம் அது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமுக்குள் அடைத்து வைத்தேன் என்கிறான். ஆனால் எருசலேமைப் பிடித்ததாக எங்கும் சொல்லவில்லை. 30 தாலந்து பொன்னும் 800 தாலந்து வெள்ளியும் வந்தது என்கிறான். 2 இராஜாக்கள் 18 பொன்னை அதே 30 என்றும் வெள்ளியை 300 என்றும் சொல்கிறது. ஆலயக் கதவுகளிலிருந்த பொன் தகடுகளைக் கழற்றிக் கொடுத்தானாம் எசேக்கியா. ஏசாயாவின் புத்தகத்தில் இந்தக் கப்பம் கட்டிய பகுதி இல்லை என்பதால், அதை மட்டும் வாசிக்கிறவர்களுக்கு எசேக்கியா முதலிலிருந்தே ஜெபவீரனாகத் தெரிகிறான். ஜெபத்துக்கு முன்னால் அவன் பணத்தையும் முயன்று பார்த்திருக்கிறான்.

அவனுடைய ஜெபத்தின் பெரிய பலம் அதன் நேர்மை. அசீரிய ராஜாக்கள் நாடுகளைப் பாழாக்கினது மெய்தான் கர்த்தாவே என்று தொடங்குகிறான். ரப்சாக்கே சொன்னதில் உண்மை இருந்ததை மறைக்கவில்லை. தன் நற்செயல்களைப் பட்டியலிடவும் இல்லை. அதற்கு ஏசாயா மூலம் வந்த பதிலிலும் ஒரு பகுதியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். இந்த வருஷம் தானாக முளைத்ததைச் சாப்பிடுவீர்கள், இரண்டாம் வருஷமும் அப்படியே, மூன்றாம் வருஷத்தில்தான் விதைத்து அறுப்பீர்கள். மீட்பு ஒரே இரவில் வந்தது. ஆனால் வயல்கள் மிதிபட்டுக் கிடந்தன, இரண்டு வருஷத்துக்கு முறையான விதைப்பும் அறுப்பும் இல்லை. ஏசாயாவின் முதல் அதிகாரத்தில் பட்டணங்கள் எரிந்து, தேசம் பாழாகி, சீயோன் மட்டும் வெள்ளரித் தோட்டத்துக் குச்சிலைப்போல மீந்து நிற்கிற காட்சி இந்த நாட்களையே காட்டுகிறது என்று பலர் கருதுகிறார்கள். கழுத்து வரைக்கும் தண்ணீர் என்றால் இதுதான்.

கூரை மேல் கொண்டாட்டம்

ஏசாயா 22ஐப் பல ஆய்வாளர்கள் 701ஐ ஒட்டியே வைக்கிறார்கள். நகரத்தார் வீட்டுக்கூரைகளின் மேல் ஏறி ஆரவாரம் செய்கிறார்கள். ஆடு மாடுகளை அடித்து, இறைச்சி சாப்பிட்டு, திராட்சரசம் குடிக்கிறார்கள். தீர்க்கதரிசியோ ‘என்னை விட்டு அகலுங்கள், நான் மனங்கசந்து அழுவேன்’ என்கிறார். அந்த நாளில் கர்த்தர் அவர்களை அழுகைக்கும் புலம்பலுக்கும் அழைத்தார் என்று அந்த அதிகாரம் சொல்கிறது. பள்ளத்தாக்கு ஊர்கள் எரிந்து போயிருக்கின்றன, தலைநகரம் விருந்து நடத்துகிறது. தவறான பாடம் பிறந்தது அந்தக் கூரைகளின் மேல்தான் என்று நான் நினைக்கிறேன். நாம் பிழைத்தோம், ஆகவே நாம் சரியாக இருக்கிறோம் என்கிற பாடம். ரப்சாக்கேயின் தர்க்கமும் இதுவேதான்: நாங்கள் ஜெயித்தோம், ஆகவே கர்த்தர் எங்கள் பக்கம்.

சனகெரிப் அதன் பிறகு 20 ஆண்டுகள் ஆண்டு, 681இல் தன் சொந்தக் குமாரர் கையால் கொலையுண்டான். 612இல் நினிவேயே விழுந்தது. கோடரியின் கதை அப்படி முடிந்தது. எருசலேமிலோ 701இன் ஞாபகம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வேறு ஒன்றாக மாறிவிட்டது.

யூதா ராஜா யோயாக்கீமின் ராஜ்யபாரத்தின் தொடக்கத்தில், கி.மு. 609 வாக்கில், எரேமியா ஆலயத்து வாசலில் நின்று பேசினார். கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் என்று மும்முறை சொல்லிக்கொண்டிருப்பதால் தப்ப முடியாது, முன்பு கர்த்தரின் வாசஸ்தலம் இருந்து பாழாய்ப்போன சீலோவுக்கு நடந்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். ஆசாரியர்களும் தீர்க்கதரிசிகளும் அவரைப் பிடித்து, இவன் சாக வேண்டும் என்றார்கள். அப்போது தேசத்து மூப்பர்களில் சிலர் எழுந்து மீகாவை ஞாபகப்படுத்துகிறார்கள்: சீயோன் வயல்போல் உழப்படும் என்று அவர் எசேக்கியாவின் நாட்களில் சொன்னாரே, ராஜா அவரைக் கொன்றானா? கர்த்தருக்குப் பயந்து அவரை நோக்கி விண்ணப்பம் பண்ணினான், கர்த்தரும் தாம் சொல்லியிருந்த தீங்கைச் செய்யாமல் விட்டார். எரேமியா 26இல் வருகிற இந்தக் காட்சியில் ஒரே சம்பவத்தின் இரண்டு ஞாபகங்கள் மோதுகின்றன. ஆலயம் இங்கே இருந்ததால் நகரம் தப்பியது என்பது ஒன்று. கடுமையான வார்த்தையை ராஜா காது கொடுத்துக் கேட்டதால் தப்பியது என்பது மற்றொன்று. அன்றைக்கு மூப்பர்களின் ஞாபகம் எரேமியாவின் உயிரைக் காப்பாற்றியது. ஆனால் அதே செய்தியைச் சொன்ன உரியா என்ற இன்னொரு தீர்க்கதரிசி எகிப்துக்கு ஓடியும் தப்பவில்லை. யோயாக்கீம் ஆள் அனுப்பிப் பிடித்துவந்து வெட்டிப்போட்டான்.

588 வாக்கில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் படை வந்து சூழ்ந்தபோது, சிதேக்கியா ராஜா எரேமியாவிடம் ஆள் அனுப்பினான்: ஒருவேளை கர்த்தர் தம்முடைய அற்புதச் செயல்களின்படி எங்களுக்கும் செய்வார், இவன் எங்களை விட்டுப் போய்விடுவான், கேட்டுச் சொல்லும். எசேக்கியா ஏசாயாவிடம் தூது அனுப்பியதை அப்படியே திரும்ப நடித்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. ஜெபம் அதே, எதிர்பார்ப்பும் அதே. பதில் மட்டும் நேர் எதிர்: நீட்டிய கையோடும் பலத்த புயத்தோடும் நானே உங்களோடு யுத்தம் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர்.

ஏன் என்பதற்கு எரேமியா 34 கொடுக்கிற காரணத்தில் இறையியல் நுணுக்கம் எதுவும் இல்லை. முற்றுகையின் நெருக்கடியில் சிதேக்கியாவும் பிரபுக்களும் ஒரு உடன்படிக்கை செய்து, தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலை செய்தார்கள். நியாயப்பிரமாணம் எப்போதோ சொன்னதைக் கடைசி நேரத்தில் செய்தார்கள், சரி. அதற்குள் எகிப்தியப் படை புறப்பட்ட செய்தி கேட்டு பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகிப் போனார்கள். 701 மறுபடியும் நடந்துவிட்டதாகவே நகரத்தாருக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் செய்த அடுத்த காரியம், விடுதலை செய்தவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கியது. அப்படியா, அப்படியானால் நான் உங்களுக்கு விடுதலையைக் கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் போக விடுதலை என்று எரேமியா மூலம் கர்த்தர் சொன்னார். போன படையைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்றும் சொன்னார். அடுத்த முறை அவர்கள் வந்தபோது போகவில்லை.